கைப்பிடி எங்கள் பக்கம்

கைப்பிடியை அழுத்துகிறேன், தண்ணீர் சுவருக்கு அந்தப் பக்கம் விழுகிறது, குடம் நிறைகிற ஓசை மட்டும்தான் எனக்கு, ஒன்பது வயது, கால்கள் தரையை விட்டு எழும்ப எழும்பத் தொங்கி அடிக்கிறேன், சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் சந்து அப்போதுதான் விடிகிறது, வெளியே மீன் கூடைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். தாத்தா வீட்டை அப்பாவும் அவர் அக்கா கமலவேணி அத்தையும் பிரித்துக்கொண்டபோது முற்றத்தின் நடுவே நூல் பிடித்தார்கள், நூல் நேராகக் கைப்பம்பின் மேல் போனது, ஒரு சாண் இப்படி அப்படித் தள்ளிக்குங்க சாமி என்று கொத்தனார் கெஞ்சிப் பார்த்தார், இருவரும் அசையவில்லை, ஒன்றரை ஆளுயரச் சுவர் பம்பைக் கவ்விக்கொண்டு எழுந்தது, தண்ணீர் விழும் வாய் அத்தை பக்கம், கைப்பிடி எங்கள் பக்கம், அது ஏறி இறங்க நடுவில் ஒரு பொந்து. இந்தக் கூத்தையும் அடித்துவிட்டுப் பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள், வீம்பில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்ச முடியாது, அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமைதான். ஆனால் தண்ணீர் வேண்டுமே, அத்தை குழாயில் ஒரு தட்டு தட்டினால் அடிக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும், முதலில் அவள் குடம், பிறகு எங்கள் குடம், துவைக்கிற கல்லில் ஏறி நின்று அதைச் சுவருக்கு மேலே நீட்டுவாள், அப்பா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே வாங்குவார். அத்தையின் வாசல் பின்தெருவில், அந்தப் பக்கம் போனால் முட்டியைப் பேத்துடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார், மூன்று வருடம் அத்தை என்றால் எனக்குப் பச்சை வளையல் போட்ட இரண்டு கைகள், பொந்து வழியாக வரும் ஒரு பொரியுருண்டை, அவ்வளவுதான், அவள் முகம் மறந்துவிடுமோ என்று பயந்து தூங்குமுன் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

அன்றும் ஒரு தட்டு கேட்டது, அடித்தேன், குடம் நிறைகிற ஓசை இல்லை, தொப்பென்று ஏதோ விழுந்தது, குடம் உருண்டது, தண்ணீர் வெறும் சிமெண்டில் சளசளவென்று கொட்டுகிறது, அதற்கப்புறம் ஒரு முனகல்கூட இல்லை, நான் அத்தை என்று கத்த வாயைத் திறக்கிறேன், அதற்குள் அப்பாவின் கையில் கடப்பாரை, பின்தெருவுக்கு ஓடவும் தோன்றாமல் சுவரேறிக் குதிக்கவும் தோன்றாமல் பொந்தில் கடப்பாரையை விட்டு நெம்புகிறார், செங்கற்கள் பொலபொலவென்று சரிகின்றன, புழுதிக்கு அந்தப் பக்கம் அத்தை, பாசி வழுக்கிக் கணுக்கால் வீங்கிப்போய், ஈரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், தலையெல்லாம் செங்கல் தூள். தெருக்கதவு தொறந்துதானடா கெடக்குது, செவுத்த ஏண்டா இட்ச்ச என்கிறாள். உழுந்தவ ஒரு கொரல் குட்த்தா கொறஞ்சா பூடுவ என்று அப்பா கத்துகிறார், நீ மொதல்ல பேசுவேன்னுதான் குந்திக்கினு இருந்தேன் என்கிறாள் அவள், அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு அக்காவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறார், எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, முகம் அதே முகம், நான் எதையும் மறந்திருக்கவில்லை.

முதலில் பேசியது யார் என்ற வழக்கு அவர்கள் இருவரும் போய்ச் சேரும்வரை தீரவில்லை, சுவரை மறுபடி எழுப்பவும் இல்லை, அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதனால் என்ன, இதோ கண்ணை மூடினால் முற்றம் என்னுடையது, கைப்பிடியை அழுத்துகிறேன், அப்பா அத்தையின் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார், பார்த்துடி, மெதுவா அடி என்கிறாள் அத்தை, மூன்று வருடம் நான் காதால் மட்டுமே கேட்ட தண்ணீர் என் கண்ணெதிரே விழுகிறது.