தீர்ப்பு சொல்லாத மிஸ்

அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தது தப்பு என்பது கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுவதற்குள்ளேயே அன்னலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் பெரியதம்பி மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்டத் தலைவர். அங்கே புருஷன் பெண்சாதி சண்டை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் கேட்பார், குற்றம் இன்னார் பேரில் என்று சொல்வார், வெற்றிலை பாக்கு மாற்ற வைத்து அனுப்பிவிடுவார். அந்த நினைப்பிலேயே வெள்ளை வேட்டியும் சால்வையும் மடியில் ஒரு கட்டு வெற்றிலையுமாக உட்கார்ந்து, "இன்னைக்கு முடிச்சுப்புடலாம்" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அன்னலட்சுமியின் மகள் சீதா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் தனபாலன் பின்னால் எங்கோ நின்றுகொண்டு வந்தான்.

முடிக்க வேண்டிய விஷயம் இதுதான். தனபாலனுக்குக் கொழும்புப் பக்கம் வத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மனேஜர் வேலை தருவதாகச் சொன்னார்கள். குடும்பத்தோடு போய்விடலாம் என்றான். மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் அன்னலட்சுமி, கவர்மெண்ட் வேலையை விட்டுவிட்டு ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்றாள். பேச்சு முற்றி, கடைசியில் பேச்சே நின்றுபோனது. "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாகிட்ட கரண்ட் பில்லக் கேளு" என்று குசினிக்கும் ஹோலுக்கும் நடையாய் நடந்தது பத்தாம் வகுப்பில் படிக்கிற சீதாதான்.

தைப்பொங்கலுக்குத் தொடங்கிய கூத்து. சித்திரை வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் சீதாவும் வாயை மூடிக்கொண்டாள். தாயிடமும் பேச்சில்லை, தகப்பனிடமும் பேச்சில்லை. பள்ளிக்கூடத்திலும் ஊமை போல இருக்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொல்லி, இந்தக் குடும்ப ஆலோசனை நிலையத்துக்கு அனுப்பினார். ஒரே பிள்ளை. இப்படியே பேசாமல் போய்விடுவாளோ என்று அன்னலட்சுமிக்குப் பயம். ஆனால் அந்தப் பயம் வெளியே வரும்போதெல்லாம் கோபமாகத்தான் வந்து தொலைத்தது.

நிலையம் கண்டி டவுனில் ஒரு பார்மசிக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே ஆலோசனை சொல்கிற மிஸ்ஸின் பெயர் இராஜகுமாரி, யாழ்ப்பாணத்துப் பெண். மேசைக்குப் பின்னால் உட்காராமல் கதிரையை இழுத்துப் போட்டு இவர்களோடு இவர்களாக உட்கார்ந்துகொண்டார். பெரியதம்பிக்கு அதுவே பிடிக்கவில்லை. வெற்றிலையை எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஸ், எங்க தங்கச்சி பக்கம் நான் பேசுறேன். மொதல்ல..."

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. முதல் நாள்தானே, இங்க என்ன நடக்கும் எண்டு சொல்லுறன்" என்றார் மிஸ். "ஒவ்வொருத்தரோடயும் தனியக் கதைப்பன். பிறகு விருப்பமெண்டால் சேர்ந்திருந்து கதைக்கலாம். இங்க கதைக்கிறது வெளிய போகாது. ஆருக்கும் உயிர் ஆபத்தெண்டால் மட்டும்தான் மற்ற ஆக்களுக்குச் சொல்லுவன். பிடிக்காட்டி எப்பவும் நிப்பாட்டலாம். ஒரு நாளில முடியிற வேலை இல்லை, வாரத்துக்கு ஒருக்கா சில கிழமை வரவேணும்."

"அதெல்லாம் சரிங்க மிஸ். தப்பு யாரு மேலன்னு எப்ப சொல்வீங்க?" என்று கேட்டாள் அன்னலட்சுமி.

"அதை நான் சொல்லமாட்டன் அம்மா. தீர்ப்புச் சொல்லுறது என்ர வேலை இல்லை."

அன்னலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு போட்டு, ஆளைச் சேர்த்துக்கொண்டு, பஸ்ஸில் நசுங்கி வந்தால், குற்றம் யார் பேரில் என்றுகூடச் சொல்லமாட்டார்களாம். சபையில் தன் மேசைக்கு வருகிறவர்களிடம் அவள் இப்படி ஒரு பதில் சொன்னால் மேசையையே கவிழ்த்துவிட்டுப் போவார்கள். இத்தனை மாதமாக மனசுக்குள் அடுக்கி வைத்த புகாரையெல்லாம் இனி எந்த ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டுவது?

மிஸ் சீதாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கதைக்க விருப்பமில்லாட்டி சும்மா இருக்கலாம். என்னோட கொஞ்ச நேரம் இருக்கிறீங்களா?"

"அவ பேசமாட்டா மிஸ். அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்று அன்னலட்சுமி முந்திக்கொண்டாள். சீதா தாயைப் பார்க்காமல் சரியென்று தலையை ஆட்டினாள். மற்ற மூன்று பேரும் எழுந்து வெளியே போகவேண்டியதாயிற்று.

வெளியே உட்கார ஒரே ஒரு நீள வாங்குதான். பெரியதம்பி நடுவில் உட்கார்ந்து, இந்தக் காலத்துப் படிப்பைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் சீதாவின் குரல். முதலில் திக்கித் திக்கி, அப்புறம் மடமடவென்று, நடுவில் அழுகை, மறுபடியும் பேச்சு. பெற்றவளிடம் வராத பேச்சு முன்பின் தெரியாதவளிடம் இப்படியா கொட்டும் என்று அன்னலட்சுமிக்கு எரிச்சலாக வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

"என்னமோ நம்மளப் பத்தித்தான் சொல்லுது. நான் போயி என்னன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று பெரியதம்பி எழுந்து கதவில் கை வைத்தார்.

அன்னலட்சுமி அவர் சால்வையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கண்ணே. புள்ள பேசுது."

அவளிடம் அப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தபோது சீதாவின் முகம் வீங்கியிருந்தது. "அடுத்த முறை அம்மாவும் அப்பாவும் வாங்கோ. எந்த நாள் உங்களுக்கு வசதி?" என்று கேட்டார் மிஸ்.

தனபாலன் அதே வாங்கின் அந்தக் கோடியில் இருந்தான். அன்னலட்சுமி மகளிடம் திரும்பி, "அப்பாவுக்கு என்னைக்கு லீவுன்னு கேளு" என்றாள்.

சீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களே கேளுங்கம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். இத்தனை நாள் கழித்துப் பெற்ற மகள் தன்னிடம் பேசிய முதல் பேச்சு இது என்பது நெஞ்சில் இறங்கியபோது, அன்னலட்சுமியால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நடுவில் இருந்த பெரியதம்பி, "நான் கேக்குறேன்" என்று வாயெடுத்தார். கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"ஒங்களுக்கு என்னைக்கு லீவு?" என்று தனபாலனிடமே கேட்டாள்.

தனபாலனும் பழக்கதோஷத்தில் பதில் சொல்ல மகளைத்தான் தேடினான். அவள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பெண்சாதியின் முகத்தைப் பார்த்து, "புதன்கிழம" என்றான்.