மஞ்சள் மேகம்

ஆம்பூருக்கு வெளியே ஒரு காலி நிலம். முள்வேலியும் நான்கு மூலைக் கற்களும் தவிர அங்கே ஒன்றுமில்லை. ஆனால் வேலூர் பாகாயத்தில், ஃபீபியின் கம்ப்யூட்டர் திரையில், அந்த நிலத்தின் மேல் ஒரு ஷூ கம்பெனி மூன்று வாரமாக எழுவதும் கலைவதுமாக இருந்தது.

அது 2006. பிளானை இணையத்தில் ஏற்றிவிட்டால் அவரவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துத் திருத்தம் சொல்லலாம். மாற்ற வேண்டிய இடத்தைச் சுற்றி நெளிநெளியாக ஒரு கோடு விழும். அதற்கு மேகம் என்று பெயர். சென்னை ஆர்க்கிடெக்டுக்குப் பச்சை மேகம். முதலாளி சர்தார் பாஷாவுக்கு நீலம். இன்ஜினியருக்குச் சிவப்பு. ஃபீபிக்கு நிறம் கிடையாது. அவள் வரைகிறவள். மேகம் சொன்னபடி சுவரை நகர்த்துவாள். மேகம் கலையும்.

அன்று நாலு மணிக்குப் பிளானைப் பூட்டுவதாக ஏற்பாடு. அதன் பிறகு திருத்தம் கிடையாது. மறுநாள் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள்.

இரண்டு மணிக்கு சம்பூர்ணம் வந்தாள். ஆம்பூரில் பாஷாவின் பழைய யூனிட்டில் தையல் லைன் சூப்பர்வைசர். மெஷின்களின் நீள அகலம் எழுதிய தாளை அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"இதுவா நம்ம புது கம்பெனி? வெறும் கோடா இருக்குது."

"நடந்து பாருங்கக்கா."

சம்பூர்ணம் திரையில் விரலை வைத்தாள். கேட்டில் நுழைந்தாள். பின்னால் முந்நூறு பெண்கள் வருவதுபோல விரல் மெதுவாக நகர்ந்தது.

"இங்க கார்டு குத்துவோம். இங்க டிபன் பாக்ஸ் வைப்போம். ஃபேன் எங்க? சரி, மேல இருக்கும்."

ஃபீபி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடுகளுக்கு நடுவே வெயில் விழுந்தது. மெஷின்கள் ஓடின. இன்னும் பிறக்காத கட்டடத்தில் தோல் வாசனை அடித்தது.

விரல் ஒரு கதவின் முன் நின்றது.

"இது இன்னா?"

"லேடீஸ் டாய்லெட்."

"எதிர்ல?"

"மேனேஜர் கேபின். கண்ணாடி போட்டது."

விரல் திரும்பி வந்துவிட்டது.

"உள்ள போகலையாக்கா?"

"எப்டி போறது? பழைய யூனிட்லயும் இதே கதைதான். எத்தனை தடவை போறோம், எவ்ளோ நேரம், எல்லாம் அவருக்குத் தெரியும். அதுக்கே பொண்ணுங்க தண்ணி குடிக்க மாட்டாங்க. போன மாசம் ரெண்டு பேருக்கு நீர்க்கடுப்பு ஜாஸ்தியாகி ட்ரிப்ஸ் ஏத்தினாங்க."

"பாஷா சார்கிட்ட சொல்லலையா?"

"ஆம்பளைகிட்ட போயி இதைச் சொல்றதா? நீ சொல்வியா?"

அந்தக் கதவு அங்கே வந்ததே நீல மேகத்தால்தான். 'கேபினிலிருந்து தெரிய வேண்டும்' என்று இருந்தது. எதையும் யோசிக்காமல் ஃபீபிதான் நகர்த்தினாள். இன்றைக்கு அது ஒரு கோடு. நாளைக்குச் செங்கல். கேட்காமல் மாற்றினால் வேலை போய்விடும். கேட்க அவளுக்கு நிறமில்லை.

திருத்தம் சொல்கிறவர்களில் புது ஆள் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தாள். அது பெயர் கேட்டது.

"இன்னா பண்றே?"

"உங்களுக்கு ஒரு மேகம்க்கா. உங்க பேர்ல போகும். முதலாளி பார்ப்பாரு. வேணாம்னா விட்டுடறேன்."

சம்பூர்ணம் அந்தக் கதவையே பார்த்தாள்.

"தண்ணி குடிக்கிறதில்லன்னு மட்டும் எழுது. வேற ஒண்ணும் வேணாம்."

மிச்சமிருந்த நிறம் மஞ்சள். 'கதவு இங்கே இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சம்பூர்ணம், லைன் சூப்பர்வைசர்.' கதவைச் சுற்றி மஞ்சள் மேகம் வந்து நின்றது.

மூன்றரைக்கு போன் அடித்தது.

"ஃபீபிம்மா, இது நம்ம சம்பூர்ணமா?"

"ஆமா சார். பக்கத்துலதான் இருக்காங்க."

சம்பூர்ணம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். எதிர்முனையில் தையல் மெஷின்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பதினாறு வருஷமா எங்கிட்ட இருக்குது. ஒரு வார்த்தை சொன்னதில்ல," என்றார் பாஷா. போனை வைத்துவிட்டார்.

இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். பச்சை மேகம் ஒன்று வந்து போனது. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மஞ்சளைச் சுற்றி நீலம் படர்ந்தது.

'கதவு பின்பக்கம் போகட்டும். கேபின் அங்கேயே இருக்கும்.'

ஃபீபி கதவைச் சுவரிலிருந்து எடுத்தாள். பின்பக்கச் சுவரில் வைத்தாள். இரண்டு மேகமும் கலைந்தன.

"தண்ணி இருக்குதா?" என்றாள் சம்பூர்ணம்.

ஃபீபி பாட்டிலை நீட்டினாள். வாய் எடுக்காமல் முழுவதையும் குடித்தாள் சம்பூர்ணம்.

"அக்கா, ஆம்பூருக்கு பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்."

"தெரியும். உங்க ஆபீஸ்ல டாய்லெட் எங்க இருக்குது?"