வெளிச்சம் பார்க்க எடுத்த படங்கள்

எங்கள் ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. பெண்களின் கல்யாணப் படங்கள் கிடக்கும் அறைக்கு ஜன்னல் எதற்கு என்று கட்டும்போதே அடைத்துவிட்டார்கள். குளிர்காற்று வாங்க சவூதி முழுவதிலிருந்தும் ஜனங்கள் எங்கள் மலையூர் தாயிஃபுக்கு வருகிறார்கள். நானும் என் நாத்தனார் வள்ஹாவும் உள்ளே உட்கார்ந்து ஏசியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

மண்டபத்தில் பெண்கள் பகுதி வாசலிலேயே எல்லாருடைய ஃபோனையும் வாங்கிப் பையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். உள்ளே போவது எங்கள் கேமரா ஒன்றுதான். அதனால் அங்கே முகத்திரை விலக்கி ஆடிய, சிரித்த, அழுத அத்தனை முகங்களும் எங்கள் அலமாரி டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன. டிஸ்க் மேல் தேதியும் மண்டபமும் மட்டும் எழுதியிருப்போம். மணப்பெண்ணின் பெயரை அழைப்பிதழிலேயே போடாத ஊரில் டிஸ்க்கில் யார் எழுதுவது? "எங்க அம்மா பச்சை உடுப்புல ஆடினாங்களே, அந்தப் படம் வேணும்" என்று எவளாவது வந்து நின்றால் தொலைந்தோம். பொழுது பூராவும் தேடுவோம்.

படங்களை வகைபிரித்து வைக்க ஒரு மென்பொருள் வாங்கலாம், காசு நான் தருகிறேன் என்று உம் மிஷாரி சொன்னாள். மூத்த மகன் மிஷாரியின் அம்மா என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஊரிலேயே பெரிய மண்டபம் அவளுடையது. எந்த கேமரா உள்ளே வரலாம் என்று அவள் வாய்தான் முடிவு செய்யும். அவள் எதையும் சும்மா தருகிறவள் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை, என் வாடகைக்கும் இல்லை.

மூன்று மென்பொருள்களை வள்ஹா கணினியில் இறக்கி வைத்தாள். இலவசமாகக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுக்கலாம் என்று ஏற்பாடு.

வள்ஹாவின் மகள் லமீஸைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்களுக்கு விளக்கு பிடிக்கிறவள். மணப்பெண் வருவதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவளைத்தான் மேடை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுப்பேன். எங்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் படம் அவள்தான். கறுப்புச் சட்டை, மை கூடப் போடாத முகம், உதட்டில் ஒரு கடுப்பு. மகன்களுக்குப் பெண் தேடும் தாய்மார்களின் கண் சுற்றுகிற இடம் அது என்பதால் மீதி நேரமெல்லாம் விளக்குக்குப் பின்னால்தான் நிற்பாள்.

அவளுக்கு ரியாத்தில் எக்ஸ்ரே படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவளுடைய அப்பா அரை மனதாகச் சரி என்றிருந்தார். போன வாரம் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அந்த நாற்காலிப் படமெல்லாம் அழிச்சிடுங்க. நான் கிளம்பற வரைக்கும் யார் கண்ணுலயும் பட வேணாம்."

"உன்னை யாருடி கேட்கப் போறா, சிடுமூஞ்சி."

"விளையாடாதீங்க. உம் மிஷாரி அவங்க சின்ன மகன் ராகானுக்கு மறுபடி பொண்ணு பாக்கறாங்களாம். அந்த வீட்டுலேர்ந்து கேட்டா அப்பா முடியாதுன்னு சொல்வாரா?"

சொல்ல மாட்டார். ராகானின் முதல் மனைவி வருஷம் முடிவதற்குள் அப்பன் வீட்டுக்குத் திரும்பிப் போனவள். அது ஊருக்கே தெரியும். அழித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் அதற்குள் வள்ஹா எல்லா டிஸ்க்கையும் அந்த மூன்றாவது மென்பொருளுக்குள் கொட்டியிருந்தாள். எதையாவது அழிக்கப் போனால் கடவுச்சொல் கேட்டது. வள்ஹாவைக் கேட்டால், "அப்புறம் சொல்றேன், இப்ப கைவேலையா இருக்கேன்" என்றாள். மூன்று நாள் கேட்டேன், மூன்று நாளும் கைவேலையாகவே இருந்தாள்.

இன்று மத்தியானம் உம் மிஷாரி வந்துவிட்டாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, "உக்காருங்கடி, நின்னுக்கிட்டே என்னத்தக் காட்டுவீங்க" என்றாள். என் கடையில் எனக்கு உட்கார அனுமதி கிடைத்தது. வள்ஹா பெரிய இடத்து விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் தங்க விளிம்புக் கிண்ணங்களை வெளியே எடுத்துக் காப்பி ஊற்றினாள்.

"முதலாவது இது. படமெல்லாம் நெட்ல இருக்கும், எங்கேர்ந்து வேணாலும் பாக்கலாம்" என்றேன்.

"எங்கேர்ந்து வேணாலும்னா யாரு வேணாலும்னு அர்த்தம். அந்த மெஷினைக் காவக் காக்கறவன் ஆம்பளைதானே? அடுத்தது."

இரண்டாவதுதான் நான் மனதில் வைத்திருந்தது. பார்க்க அழுமூஞ்சியாக இருக்கும். தேதி, மண்டபம், உடுப்பு நிறம் என்று நாமே எழுத வேண்டும்.

"நாம எழுதினது மட்டும்தான் அதுக்குத் தெரியும். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாது" என்றேன்.

"எழுதறதுக்கு நோட்டு போதுமே. என் காசு எதுக்கு?"

வள்ஹா தேன் ஒழுகும் குரலில் மூன்றாவதைத் திறந்தாள். "இது முகத்தை வெச்சே தேடும், உம் மிஷாரி. ஒருத்தி எத்தனை கல்யாணத்துக்கு வந்திருந்தாலும் அவ படமெல்லாம் ஒரே இடத்துல சேந்துடும்."

"தப்பும் பண்ணும்" என்று நடுவில் புகுந்தேன். "அமானி பார்லர்ல மேக்கப் போட்ட மணப்பொண்ணுங்க எல்லாரையும் ஒரே ஆளுன்னு வெச்சிருக்கு, பாருங்க."

உம் மிஷாரி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவங்க மாமியாருங்களுக்கே அடையாளம் தெரியல. மெஷின் என்னடி பண்ணும்?" சிரித்துக்கொண்டே திரையில் விரலை வைத்தாள். "இது யாரு, முதல்ல நிக்கறவ?"

யாருடைய படம் அதிகமோ அவள் முதலில் வருவாள். லமீஸ் வந்திருந்தாள். தொட்டதும் திரை முழுக்க விரிந்தாள். ஒவ்வொரு மேடையிலும், ஒவ்வொரு மணப்பெண்ணின் நாற்காலியிலும், வருஷத்துக்கு வருஷம் உயரமாகி, அழகாகி, அதே கடுப்போடு. நான் அவசரமாகக் குறுக்கே கையை நீட்டினேன்.

"அது... அதுவும் மெஷின் பண்ணின குளறுபடிதான். நாலு பொண்ணுங்களைக் கலந்திருக்கு."

"மை கூடப் போடலையே, எங்கேர்ந்து கலக்கும்?"

"அப்ஹாலேர்ந்து வந்த பொண்ணு. கல்யாணத்துக்கு வந்துட்டுப் போயிட்டா."

"எல்லாக் கல்யாணத்துக்கும் அப்ஹாலேர்ந்தா? பஸ் காசு யாரு குடுத்தா?" உம் மிஷாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "முஸ்னா, என்கிட்ட மறைக்காத. கண்ணு நல்லா இருக்கு. யார் வீட்டுப் பொண்ணு?"

எனக்குக் கதவு தெரிந்தது. எழுந்து போகலாம். போனால் அடுத்த கல்யாணத்துக்கு வேறு கேமரா உள்ளே போகும். அது போகட்டும், எங்கள் பிழைப்பு நாசமாகட்டும், சொல்ல மாட்டேன் என்று நிஜமாகவே முடிவு செய்துவிட்டேன். "தெரியாது, உம் மிஷாரி. எத்தனையோ பேர் வர்றாங்க" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை, ஆனால் சலித்துப்போய்க் கிண்ணத்தை நீட்டினாள். அதில் காப்பியை ஊற்றிக்கொண்டே வள்ஹா சொன்னாள்.

"என் பொண்ணுதான். லமீஸ்."

 வள்ஹா என் பக்கம் திரும்பவே இல்லை. கடவுச்சொல்லைத் தராமல் இழுத்தடித்த மூன்று நாள் கைவேலை என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?" உம் மிஷாரி ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போதும் என்று கிண்ணத்தை ஆட்டினாள். "வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு வர்றோம். ராகான் முறைப்படி ஒரு தடவை பாத்துக்கட்டும். இந்த மூணாவதையே வாங்கிடுங்க. நல்லா வேலை செய்யுது."

அவள் போனதும் நான் வள்ஹாவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "பெத்தவதானா நீ? ராகானோட முதல் பொண்டாட்டி, கல்யாணப் படம் ஒண்ணு கூட மிச்சம் வைக்காதீங்கன்னு அவ தங்கச்சியை அனுப்பினாளே, மறந்துட்டியா? அந்தத் தங்கச்சி இங்கேதான் நின்னு அழுதா."

"மறக்கல."

"அப்புறம் ஏன்டி?"

"ரியாத்துக்குப் போய் என்ன பண்ணப்போறா? இருட்டு ரூம்ல உக்காந்து யார் எலும்பையோ பாக்கணும். நாம இங்க உக்காந்திருக்கற மாதிரியே." அவள் என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். "வாழ்நாள் பூரா அடுத்தவ வாசல்ல பயந்துக்கிட்டு நின்னுட்டேன் முஸ்னா. என் பொண்ணாவது உள்ள இருந்து, யார் வரலாம்னு சொல்லட்டும்."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் இன்னும் எரிந்தது.

கதவு மணி அடித்தது. லமீஸ் தோளில் விளக்குப் பையோடு உள்ளே வந்து, முகத்திரையை எடுத்துக்கொண்டே, "ரியாத்துக்குப் பெட்டி வாங்கப் போகணும் அத்தை, சாயங்காலம் வர்றீங்களா? சின்னதா இருந்தா போதும், ஹாஸ்டல் மாடிப் படியெல்லாம் நான்தான் தூக்கிக்கிட்டு ஏறணும்" என்றாள்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். திரை முழுக்க அவள் இருந்தாள். மேஜையில் தங்க விளிம்புக் கிண்ணம் இருந்தது. அம்மா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லமீஸ் கத்தவில்லை, அழவும் இல்லை. பையை மெதுவாகத் தரையில் இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எப்ப வர்றாங்க, அத்தை?"