தட்டினால் எரியும் விளக்கு

முந்நூற்று முப்பது தினார். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் பலகை, கதவில் ஒட்டும் சென்சார், வயர், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து ஷாதிலியின் கடையில் லுத்ஃபி வைத்துவிட்டுப் போன கடன் அது. கணவனின் உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசல் தாண்டும்போது மப்ரூக்காவுக்கு அழுகையோடு அந்தத் தொகையும் சேர்ந்து வந்தது.

வாசலில் முனீர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். செத்தவனின் தம்பி கேட்டாக வேண்டிய கேள்வி. மப்ரூக்காவுக்குக் காது கேட்காது. முப்பது வயதில் வந்த காய்ச்சல் கொண்டுபோனது. அன்றிலிருந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறாள். ஜன்னல் வழியே கொழுந்தனின் உதட்டைப் படித்தாள்.

"எங்கண்ணன் யாருக்காச்சும் பாக்கி வச்சிருந்தா என்கிட்ட கேளுங்க, நான் தர்றேன். விடுறவங்க மனசார விட்டு அனுப்புங்க."

கூட்டத்துக்குள் ஷாதிலியின் வாய் திறந்தது. நேரம் பார்த்து ஒரு தோள் குறுக்கே வந்தது. தோள் விலகியபோது நாலைந்து தலைகள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஷாதிலியும் அவளையே பார்த்துக்கொண்டு இன்னும் ஏதோ சொல்ல வந்தான்.

அவள் திரையை இழுத்துவிட்டாள்.

அதன்பின் கதவை யாரும் சாத்தவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவன் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஓதுகிறவர்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். பிளக் போதவில்லையென்று மேசை மேலிருந்த பலகையின் வயரையும் பக்கத்திலிருந்த இன்டர்நெட் பெட்டியின் வயரையும் யாரோ பிடுங்கிப் போட்டார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. எதைப் பார்க்கக் கூடாதோ அதைப் பார்த்தாள். முனீரின் மனைவி ஹயாத் சமையலறை மூலையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் குசுகுசுத்தது.

"காது கேக்காத மனுஷியை எப்படித் தனியா விடறது? கேஸ்காரன் தட்டினாலும் தெரியாது, திருடன் தட்டினாலும் தெரியாது."

"திருடன் எங்கேடி தட்டிட்டு வரான்?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மப்ரூக்காவுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஃபர்க். வருகிறவர்களுக்குக் குஸ்குஸ் போட்டுத் துக்கத்தைக் கலைக்கிற நாள். அன்று காலை முனீர் எதிரே வந்து உட்கார்ந்தான். நல்லவன். முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசுவான்.

"அண்ணி, அஸர் தொழுகை முடிஞ்சதும் வண்டி வருது. எங்ககூட துனிஸுக்கு வந்துடுங்க. நாலு மாசம் பத்து நாள் இத்தாவை அங்கேயே இருங்க. தனியா இருக்க பயமுன்னா இடம் மாறலாம்னு இமாம் சொல்லிட்டாரு."

"எனக்கு என்ன பயம்? என் வீடு."

"வீடு சரி. கதவு தட்டினா?"

"விளக்கு இருக்குல்ல."

சமையலறை வாசலுக்கு மேலே ஒரு பல்பு. தெருக்கதவைத் தட்டினால் தட்டுக்கு ஒரு தரம் மின்னும். லுத்ஃபி டெலிபோன் ஆபீஸில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவன். அவளுக்காகச் செய்தது அது. முனீர் எழுந்துபோய் திறந்து கிடந்த கதவை ஓங்கித் தட்டினான். அவன் கை அசைவது தெரிந்தது. பல்பு அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றான். ஜெயித்த முகம் இல்லை அது.

மேசைக்குப் போனாள். பிடுங்கிய வயர் தொங்கியது. பிளக்கில் செருகினாள். பலகையில் சிவப்பு எரிந்தது, பச்சை துடித்தது. தட்டலைக் கேட்கும் நிரல் துண்டை ஏற்றச் சொன்னாள். வடிவம் பொருந்தவில்லை என்று திரை மறுத்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. போன வாரம் லுத்ஃபி பலகைக்குள் எல்லாவற்றையும் புதுசாக்கினான். புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்தது. கெர்னல்தான் அதற்கு ஆதாரம், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கும். தட்டலைக் கேட்கும் துண்டை அந்தக் கெர்னலுக்குள் ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் ஒரு கெர்னலுக்கென்று கட்டியதை இன்னொன்று சேர்த்துக்கொள்ளாது. "எங்கம்மா மாதிரி. தான் பாத்து எடுத்த மருமகளைத்தான் உள்ளே விடுவா" என்பான் லுத்ஃபி. பலகை அணையாமல் ஓடியவரை பழைய கெர்னலே ஓடியது. வயரைப் பிடுங்கியதும் அது போய்விட்டது. துண்டைத் திரும்பக் கட்ட வேண்டும்.

"கட்டிடுவேன்" என்றாள்.

"நீங்களா?"

"அஸர் வரைக்கும் இருக்குல்ல, முனீர்?"

முதல் தடவை கட்டியது ஒரு ரமலானில். பெரிய கம்ப்யூட்டரில் கட்டிக் கொண்டுவந்து போட்டுக்கொள், இந்தப் பலகை தாங்காது என்று ஷாதிலி தலையில் அடித்துக்கொண்டான். லுத்ஃபி கேட்கவில்லை. "இதுக்கு வேண்டியதை இதுவே கட்டிக்கட்டும்." அப்போது எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. ஸஹர் சாப்பாடு முடிந்து ஆரம்பித்தது, நோன்பு திறக்கும் பீரங்கி வெடிக்கும் வரை ஓடியது. பலகை சுட்டது. அவளுக்கு வீசவேண்டிய விசிறியைப் பலகைக்கு வீசினான். "கட்டின பொண்டாட்டி வேர்த்துச் சாகறா" என்றாள். "நீ பாதியில நிக்க மாட்டே. அது நிக்கும்" என்றான்.

பிறகு அவன் கை நடுங்க ஆரம்பித்தது. இவள் கீபோர்டில் தட்டுவாள், அவன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையாக வாயை அசைப்பான். சத்தம் எதற்கு? கட்டு என்று சொல்லும் 'மேக்' என்றால் உதடு ஒட்டிப் பிரியும். அவளுக்கு அவை எழுத்தாகத் தெரியாது, அவன் வாயாகத்தான் தெரியும்.

சமையலறையில் குஸ்குஸுக்கு முதல் ஆவி கட்டியது. வாசலில் ஷாதிலி வந்து நின்றான். மப்ரூக்கா எழுந்து, மடியிலிருந்த பணத்தை எடுத்து நீட்டினாள். அவன் பணத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான்.

"முதல்ல அதை முடி, தங்கச்சி."

உட்கார்ந்தாள். கண்ணை மூடி, எதிர் நாற்காலியில் அந்த வாயை வைத்துப் பார்த்தாள். உதடு ஒட்டிப் பிரிந்தது. தட்டினாள்.

திரை முணுமுணுத்தது. தட்டலுக்கான கோப்பு இனிமேல் வரப்போகும் நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது, கட்டினால் சரியாக இருக்குமென்று சொல்ல முடியாது என்றது.

அவளுக்குப் புரியவில்லை. தேதியைக் கேட்டாள். செவ்வாய், விடியற்காலை என்றது.

பலகைக்குள் கடிகாரம் கிடையாது. நேரத்தை இன்டர்நெட்டில்தான் வாங்கும். அந்தப் பெட்டி இன்னும் வயர் இல்லாமல் கிடந்தது. அதனால் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலேயே கண் விழித்திருக்கிறது. அதற்கு இன்னும் செவ்வாய் விடியவில்லை. லுத்ஃபி மேசையில் தலையைச் சாய்த்து உயிரை விடவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்து சாய்ந்துவிட்டான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். கோப்பு அந்த நேரத்துக்குப் பிறகு எழுதப்பட்டிருந்தது. அவளை எழுப்பாமல், அந்தக் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக.

ஷாதிலி குனிந்து அவள் முகத்துக்கு நேரே வந்தான். "தேதியை மாத்தணும்."

"தெரியும்."

விரல் அசையவில்லை. ஹயாத் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். குஸ்குஸை இறக்கி, உதிர்த்து, எண்ணெய் தடவி இரண்டாம் ஆவிக்கு ஏற்றினார்கள். வீடெல்லாம் அந்த வாசனை நிறைந்தது. முனீர் கதவோரம் அவளுடைய துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

வியாழன் என்று தட்டினாள். பலகை ஒன்றும் கேட்காமல் வியாழனுக்கு வந்தது.

மறுபடி கட்டச் சொன்னாள். இந்த முறை முணுமுணுப்பு இல்லை. ஏற்றினாள். திரை எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. பிடிக்காவிட்டால்தான் அது பேசும்.

ஷாதிலி தட்டிப் பார்க்க வெளியே போனான். முனீர் கதவைச் சாத்தினான். செவ்வாய்க்குப் பிறகு அப்போதுதான் அந்தக் கதவு சாத்தியது.

பல்பு மின்னியது. மறுபடி மின்னியது. பிறகு அணையவில்லை. அப்படியே நின்று எரிந்தது.

"என்ன அண்ணி, மாட்டிக்கிச்சா?"

அவள் கதவுச் சட்டத்தைப் பார்த்தாள். போன வாரம் லுத்ஃபி அதில் கதவு திறந்ததா என்று பலகைக்குச் சொல்லும் ஒரு காந்தத் துண்டு ஒட்டியிருந்தான். அவளுக்கு மேசையில் அவனுக்காகத் தட்டி முடித்த களைப்பு. புதுப் பெயிண்டைக் கெடுக்கிறாயே என்று கத்தினாள். அதற்கு முந்தின நாள்தான் அவள் முதுகைக் காட்டி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பல்பு மின்னி ஓய்ந்ததைப் பார்க்கவில்லை. சாவியை மறந்து போயிருந்தவன் மழையில் நின்றுவிட்டு பக்கத்து வீட்டு வழியாக வந்தான். தலையைத் துவட்டிக்கொண்டே "நல்ல மழை" என்று மட்டும் சொன்னான்.

கதவைத் திறந்தாள். பல்பு அணைந்தது.

வாசலில் ஷாதிலி நின்றிருந்தான். இந்த முறை குறுக்கே தோள் இல்லை.

"அன்னைக்கே அத்தனை பேர் முன்னாடி கடனை விட்டுட்டேன். ஜன்னல்ல நிக்கிற தங்கச்சி சாட்சின்னு சொன்னேன். நீதான் திரையை இழுத்துட்டே. பணத்தை உள்ளே வை."

முனீர் துணிப்பையைக் கீழே வைத்தான். "நான் நீங்க பாத்திருப்பீங்கன்னு நினைச்சேன், அண்ணி" என்றான்.

"வாங்க, குஸ்குஸ் ஆறுது" என்றாள் ஹயாத்.

"ஒரே ஒரு தடவை" என்றாள் மப்ரூக்கா ஷாதிலியிடம். "இன்னொரு தடவை தட்டுங்க."

கதவைச் சாத்திவிட்டு, பின்னால் நகர்ந்து, மேசைக்கு எதிரே லுத்ஃபி வாயசைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பல்பு மின்னியது, பிறகு நின்று எரிந்தது. யாரும் திறக்க எழுந்து போகவில்லை. அவளும் போகவில்லை.