கறுப்புக் கையுறைக்குப் பிறகு

சிடியைச் சட்டை நுனியில் துடைத்து நாலாவது தடவையாக டிவிக்குக் கீழிருந்த பெட்டிக்குள் தள்ளினார் ஆபரேட்டர். படம் ஓடியது. ஏரிக்கரை பங்களா, மழை, மெழுகுவர்த்தியோடு மாடிப்படி இறங்கும் குருட்டுத் தங்கச்சி. பிறகு கறுப்புக் கையுறை போட்ட கை ஒன்று அலமாரிக் கதவைத் தொட்டது. அதோடு படம் நின்றுபோனது.

"இங்கதான் நானும் எந்திரிச்சுப் போவேன்" என்றார் கட்டிலில் கிடந்த அண்ணன். அதைச் சொல்லி முடிக்கவே மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார்.

அண்ணனுக்கு டார்ச் என்றுதான் பேர். தியேட்டரில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்து, இருட்டில் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைத்தவர். தம்பியான ஆபரேட்டர் அதே தியேட்டரின் மாடியறையில் மெஷின் ஓட்டியவர். காலையில் வந்த டாக்டர், பொழுது சாயும்வரை தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். டாக்டர் பேச்சை நம்புகிற ஆள் இல்லை ஆபரேட்டர். அண்ணனின் காலைத் தானே தொட்டுப் பார்த்தார். முட்டிவரை சில்லிட்டிருந்தது.

அண்ணன் கேட்டது சோறோ தண்ணீரோ இல்லை. அந்தப் படத்தில் கொலையைச் செய்தது யார் என்றுதான் கேட்டார்.

படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே டிக்கெட் கிழிக்கிற கேட்காரன் வெளியே போய்விட வேண்டும். கதவுகளைத் திறந்து கொக்கி மாட்டி, சைக்கிள் ஸ்டாண்டுச் சங்கிலியை அவிழ்க்க வேண்டும். அதனால் டார்ச்சுக்கு எல்லாப் படமும் பத்து நிமிஷம் குறைச்சல். கத்திச்சண்டைப் படமென்றால் குடிமுழுகிப் போகாது, ராஜா மகன்தான் ஜெயிப்பான். இந்த ஏரி பங்களாப் படம் அப்படி இல்லை. ஐம்பது நாள் ஓடியது. கடைசி நாள் ஆட்டம் விட்டதும் அண்ணன் மாடியேறி வந்து, கடைசி ரீலை மட்டும் எனக்காக ஒரு தடவை ஓட்டுடா என்று கேட்டார். மெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி தீர்ந்துபோச்சு, காலையில் போடுகிறேன் என்றார் தம்பி. கார்பன் தீரவில்லை, தூக்கம் வந்தது. விடிவதற்குள் படப்பெட்டி லாரி ஏறிவிட்டது. ஏறும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

"உங்களுக்குமா தெரியாது தம்பி? அம்பது நாள் ஓட்டுனீங்களே" என்றாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அண்ணி.

சமையல்காரனாவது ருசி பார்ப்பான். ஆபரேட்டர் எங்கே படம் பார்த்தார்? வெளிச்சம் மங்காமல் கார்பனைப் பார்த்தார். அடுத்த ரீலுக்கு மெஷின் மாற்றச் சொல்லித் திரை மூலையில் விழும் புள்ளியைப் பார்த்தார். கடைசி ரீல் ஓடும்போது முந்தின ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருப்பார்.

"தோட்டக்காரன்தான் அண்ணே. பழைய பகை" என்று அடித்துவிட்டார்.

அண்ணனின் உதடு லேசாகக் கோணியது. "நீ படம் பார்த்த லட்சணம். நான் கதவுல நின்னு வெளிய வர்றவன் மூஞ்சியைப் பார்த்தவன்டா. தோட்டக்காரன்னா திட்டிக்கிட்டே போவானுங்க. இந்தப் படத்துக்கு ஒருத்தன் பேசலை. எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போச்சு."

"அப்ப அந்தத் தங்கச்சியா இருக்கும்."

"இருக்குமா, இருந்துச்சா?"

 ஆபரேட்டர் வாசலுக்குப் போய் சிடிக் கடைக்காரனுக்கு போன் போட்டார். கீறல் விழுந்த சிடியை என் தலையில் கட்டிவிட்டாயே என்று ஏசினார். அவன் நிதானமாகச் சொன்னான்: கீறல் இல்லை பெரியவரே, அந்தப் படத்துக்குக் கடைசி ரீல் எங்கேயுமே கிடைக்கவில்லை, யாரிடம் வாங்கினாலும் கை அலமாரியைத் தொடும்வரைதான். ஊரை ஏமாற்றுகிறவன் என்று திட்டிவிட்டுப் போனை வைத்தார். அவன் சொன்னது நிஜம் என்று தெரிந்துதான் வைத்தார்.

உள்ளே வந்தவரிடம் அண்ணன் கையை லேசாக ஆட்டினார். இருக்கிற வரைக்கும் போடு என்று அர்த்தம். ஆபரேட்டர் முதலிலிருந்து போட்டார். பங்களா வந்தது, மழை வந்தது. அண்ணி பஞ்சைத் தண்ணீரில் தொட்டு அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் தங்கச்சி பாதிப் படி இறங்கியிருப்பாள். அண்ணியின் கை அப்படியே நின்றது. பிறகு பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிவிட்டாள்.

டிவியை அணைக்கப் போன ஆபரேட்டர், கை அலமாரியைத் தொடும்வரை நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் அணைத்தார்.

கொஞ்ச நேரத்தில் தெரு ஆட்கள் வந்தார்கள். அந்த அறைக் கதவு திறந்து வைத்தால் நிற்காது, தானாகச் சாத்திக்கொள்ளும். ஒருத்தர் கல்லைத் தேடினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆபரேட்டரே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார்கள். யாரும் பேசவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.