தண்ணீர் மட்டமும் என் கட்டை விரலும்

எங்கள் டில்லி ஜனக்புரி வீட்டு ஹாலில் சீலிங் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று, ஃபால்ஸ் சீலிங் போட வந்த இஸ்மாயில் பாய் சொன்னபோது எனக்கு ரோஷம் வந்தது, என் பெண்ணுக்கு மாறுகண் என்று யாரோ சொன்னதுபோல. இருபது வருஷம் அதன் கீழே படுத்து விட்டத்தைப் பார்த்தவள் நான்.

"பழைய வீடுன்னா அப்படித்தான்க்கா. ஜிப்சம் போர்டு மாட்டறதுக்கு முன்னாடி நாலு சுவத்துலயும் ஒரே மட்டத்துல கோடு போட்டுட்டா, கீழேர்ந்து பார்க்க நேரா இருக்கும்."

அவர் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகள் இடிபட்ட பிறகு, ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறார். அன்று அவருடைய ஆள் வரவில்லை. நானே உதவுகிறேன் என்றேன்.

தண்ணீர் நிரப்பிய நீள ட்யூபின் ஒரு முனை அவரிடம், மறு முனை என்னிடம். "நடக்கறப்போ ட்யூப் வாயைக் கட்டை விரலால மூடிக்கங்க. சுவத்துக்கிட்ட போனதும் விரலை எடுத்துடுங்க. அப்பதான் ரெண்டு முனைலயும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வரும். அது நிக்கற எடத்துல பென்சிலால கோடு."

மூன்று மூலைகள் நன்றாகவே முடிந்தன. நாலாவதில் என் புத்தக அலமாரி. கோடு போட்டேன். அவர் மூலைக்கு மூலை நீலப்பொடி தடவிய நூலைக் கட்டி, சுண்டி, நீலக் கோடு அடித்தார்.

சாயங்காலம் என் கணவர் வாசுதேவன், ஆபீஸ் நண்பரின் லேசர் கருவியோடு வந்தார். தணிக்கைத் துறையில் இருப்பவருக்கு வேறென்ன தோன்றும்? சிவப்பு வெளிச்சம் மூன்று மூலைகளிலும் நீலக் கோட்டின் மேலேயே ஓடியது. அலமாரிப் பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை விலகியது.

"என்ன பாய் இது? ஃப்ரேம் அடிச்சிருந்தா என்னாயிருக்கும்? நாளைலேர்ந்து நீங்க வரவேண்டாம்."

இஸ்மாயில் பாய் அந்த மூலையைப் பார்த்தார். பிறகு ஒரு கணம் என் கையைப் பார்த்தார். "இன்னொரு தடவ புடிச்சுப் பாத்துடலாம் சார்," என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. புத்தகங்களில் ஒரு சொட்டு விழுந்துவிடுமோ என்று விரலை அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறேன். எதுவும் சிந்தக்கூடாது என்பது என் பழக்கம். பாலோ, பேச்சோ, அழுகையோ, எல்லாவற்றின் வாயிலும் ஒரு விரல் வைத்தே இந்த வீட்டை நடத்திவிட்டேன். இப்போதும் சும்மா இருந்தால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். பாய் மட்டும் நாளையிலிருந்து வர மாட்டார்.

"நான்தான்," என்றேன். "கட்டை விரலை எடுக்கலை."

"எந்தக் கை?" என்றார் வாசுதேவன்.

"வலது. விசாரணைக் கமிஷன் வைக்கணுமா?"

இஸ்மாயில் பாய் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். வாசுதேவன் லேசரை அணைத்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே ட்யூபின் முனையை எடுத்துக்கொண்டு நாலாவது மூலைக்குப் போனார். நான் அலமாரி மேல் பழைய புடவையை விரித்தேன்.

"விரலை எடுங்க சார்," என்றார் இஸ்மாயில் பாய்.

தண்ணீர் குபுக்கென்று அவர் ஆபீஸ் சட்டையில் வழிந்தது.

"சிந்தறதே, ஜ்யோத்ஸ்னா."

"சிந்தட்டும். கோட்டைப் போடுங்கோ."