தும்மாத முயல்கள்

கூண்டுகளுக்கு அடியில் சேர்ந்திருந்த புழுக்கையைத் தகரத்தால் வழித்துக்கொண்டிருந்தாள் ஹமீதுன்னிசா. நடுநடுவே நிமிர்ந்து இருமினாள். நல்லம்பள்ளியைத் தாண்டி, கல்லாங்காட்டு ஓரத்தில் தனியாக நிற்கும் அந்த வீட்டுக்கு வருகிற ஒரே வண்டி, பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்து வேன்தான். அது முயல்களை எடுத்துப்போனால் அவளுக்கு அடுப்பு எரியும். முயல் எடுக்க வரும் முனிராஜைத் தவிர அவளோடு உட்கார்ந்து டீ குடிக்கவும் ஆள் கிடையாது.

முனிராஜ் ஒவ்வொன்றாகத் தூக்கி, காதுக்குள் பார்த்தான், மூக்கைத் தடவினான்.

"நல்லா இருக்குதுங்கக்கா. ஒண்ணுகூட தும்மல."

"போன வாரம் நீ பாத்திருக்கணும்ப்பா. மூக்கு ஒழுவிக்கிட்டு, தீனி தொடாம கெடந்துச்சுங்க. எனக்கு நெஞ்சுச்சளின்னு ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையப் பிரிச்சு, அந்த மஞ்சத் தூளத் தண்ணியில கரைச்சு வெச்சேன். எந்திரிச்சுக்கிச்சுங்க. காலையிலதான் கடைசி மாத்திரையையும் அதுங்களுக்குக் கரைச்சு வெச்சேன்."

முனிராஜ் கையிலிருந்த முயலைக் கூண்டுக்குள்ளேயே திரும்ப விட்டான்.

"அத ஏங்கக்கா எங்கிட்ட சொன்னீங்க?"

"ஏம்ப்பா?"

"மருந்து குடுத்த முயல் ஆவாதுங்க."

"நோவு இல்லாம இருக்கணும்னு நீதான சொன்ன?"

"நோவு அங்க குடுக்கறதுங்க. மூளைக்காய்ச்சல் கிருமிய ஊசியில ஏத்துவாங்க. அப்பறம் மருந்து. மூளையச் சுத்தியிருக்கற தண்ணிக்குள்ள மருந்து எவ்வளவு எறங்குது, கிருமி எவ்வளவு சாவுதுன்னு, பிடரியில ஊசி குத்தித் தண்ணியெடுத்து அளப்பாங்க. முன்னயே மருந்து உள்ள இருந்தா அளவு தப்பாயிடும்."

"அப்ப பொழைச்சுக்குமா?"

"அளந்து முடியற வரைக்கும் இருந்தாப் போதுங்க."

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரும் கழுத்து வெறச்சுதான் போனாரு. மூளைக்காய்ச்சல்னாங்க. அவருக்கு யாரும் எதையும் அளந்து பாக்கல."

முனிராஜ் கூண்டுக் கதவைச் சாத்தினான்.

"நான் சொன்னதக் கேக்காத மாதிரி எடுத்துட்டுப் போயேன்ப்பா."

"ரத்தத்துல தெரிஞ்சுடுங்கக்கா. நானே அங்க தினக்கூலிங்க."

"மருந்து ஒடம்ப விட்டு எறங்கட்டும். அப்பறமா வந்து எடுத்துக்க."

"அதுக்குள்ள அவங்க கேக்கற எடை தாண்டிடும். நோவு வந்த எடம்னு தெரிஞ்சா இந்தப் பக்கமே வண்டி விட மாட்டாங்க. கறிக்காச்சும் குடுத்துடுங்களேன்."

"நோவு முயல்னு ஊருக்கே தெரியும். யாரு வாங்குவா?"

முனிராஜ் காலிக் கூடைகளை வேனில் ஏற்றினான்.

"டீ ஆறுதுப்பா."

"இருக்கட்டுங்கக்கா. அரூர்ல வேற முயல் பாத்தாவணும்."

வேன் போன புழுதி அடங்கிய பிறகும் இரண்டு தம்ளர்களும் அப்படியே இருந்தன.

பொழுது சாய்வதற்குள் அவளுக்கு உடம்பு கொதித்தது. முயல்கள் அகத்திக்கீரையைக் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இருமல் நிற்கும்வரை காத்திருந்து, கூண்டுக்குள் கைவிட்டு மண்சட்டியை வெளியே எடுத்தாள். அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் கிடந்தது. மிதந்த மயிரை விரலால் ஒதுக்கிவிட்டு, சட்டியை வாயோடு வைத்துக் குடித்தாள்.